பாராளுமன்றக் குழுவின் முன் வீட்டுப் பிரச்னை

நகரத்தில் ஏழை ஒருவனுக்கு வீடு கிடைப்பதற்கு முன்னரே அவ்வீட்டின் அளவு, அது நிற்கும் இடம், அதற்குச் செலுத்தவேண்டிய தவணை, அது யார் பெயரில் இருக்கும் என்பவை எல்லாம் வேறெங்கோ தீர்மானமாகிவிடுகின்றன. பணத்தில் ஒரு பங்கைப் பாராளுமன்றம் அனுமதிக்கிறது. நிலம், நகரமைப்பு ஆகியவற்றைப் பற்றிய சட்டத்தை மாநிலச் சட்டசபை இயற்றுகிறது. கட்டி ஒதுக்கும் வேலையை வாரியம் செய்கிறது. இந்த மூன்றுக்கும் இடையில் குடியிருக்கப் போகிறவனுடைய சொல் எவ்வழியாகப் புகுகிறது என்பதே இம்மாதப் பாடத்தின் பொருளாகும்.

கைத்தறிச் சங்கத்தாருக்கும் விவசாயக் கடன் சங்கத்தாருக்கும் இஃது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் ஆலைகளிலும் சரக்குக் கொட்டகைகளிலும் வேலை செய்வோரில் நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்றியும், தறி உள்ள வீடு, களம் உள்ள வீடு, வலை உலர்த்தும் முற்றம் உள்ள வீடு ஆகிய எல்லாம் திட்டப் புத்தகத்தில் ஒரே 'வீடு' என்றே எழுதப்படுகின்றன. அப்படி எழுதப்படுவதால் நேரும் நஷ்டம் நமக்கும் உரியதே.

முதலில் பாராளுமன்றத்தின் நடைமுறையைக் காண்போம். நகரமைப்பு வல்லுநர் எவ்வளவு படித்தவராயினும் சபை மண்டபத்தில் எழுந்து பேச இயலாது, அவர் அங்கத்தினரல்லர். அவர் பேசக்கூடிய இடம் துறைவாரி நிலைக்குழுவாகும். 1993இல் 17 ஆகத் தொடங்கிய இக்குழுக்கள் 2004 முதல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர், ஆக 31 பேர் உள்ளனர். மந்திரிகள் இவற்றில் இடம் பெறுவதில்லை. வீட்டு வசதியும் நகர அபிவிருத்தியும் இவற்றுள் ஒரு குழுவின் பொறுப்பு.

குழு ஒரு விஷயத்தை ஆராய எடுத்துக்கொண்டால், துறை அதிகாரிகளை அழைப்பதோடு வெளியிலுள்ள வல்லுநர்களையும் ஸ்தாபனங்களையும் அழைக்கலாம். அழைக்கப்படுகிறவர் தம் கருத்தை எழுத்து மூலமும் தருகிறார். குறிப்பிட்ட நாளில் டில்லியில் பாராளுமன்றக் கட்டடத் தொகுதியிலுள்ள குழு அறைக்குச் செல்கிறார். அங்கே பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் இடமில்லை. சாட்சி சொல்வது பின்னர் வெளியிடப்படக்கூடும் என்றும், ஏதேனும் ஒரு பகுதியை இரகசியமாக வைக்க அவர் விரும்பினால் சொல்லலாம் என்றும், அப்படிச் சொன்னாலும் அது பாராளுமன்ற அங்கத்தினர்களுக்குக் கிடைக்கக்கூடும் என்றும் தலைவர் அறிவிக்கிறார். அதன்பின் வல்லுநர் பேசுகிறார். அங்கத்தினர்கள் கேள்வி கேட்கிறார்கள். உடனே விடை கூற முடியாத கேள்விக்குப் பின்னர் எழுதி அனுப்பலாம். சொன்னது சொன்னபடி குறிப்பெடுக்கப்பட்டு, திருத்தத்துக்காக அவருக்கு அனுப்பப்படும். அவர் வெளியேறிய பிறகே குழு தனக்குள் கலந்து பேசும். இறுதியில் அறிக்கை இரு சபைகளிலும் வைக்கப்படும்.

குழுவின் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்தச் சிபாரிசை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் சர்க்கார் தெரிவிக்கவேண்டும்; அதன்மேல் குழு இன்னோர் அறிக்கை எழுதும். சங்கத் தணிக்கையை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. தணிக்கையாளர் பணத்தை வசூல் செய்து தருவதில்லை. ஆயினும் அவர் எழுதிய குறை நிவர்த்தியாகும் வரை ஆண்டுதோறும் அதே பக்கத்தில் வந்து நிற்கும். குறையே எழுதப்படாவிட்டால்தான் கவலைக்கிடம்.

மாநிலச் சட்டசபையிலும் மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு என்பவை இருக்கின்றன. இவற்றுள் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கே வந்து மனுக்களை ஆராய்வதுண்டு. டில்லிக்குப் போகும் வல்லுநரைக் காட்டிலும் இக்குழுவே நம்முடைய சங்கங்களுக்கு அண்மையிலுள்ள வாசல் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, வட சென்னையைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட ஒருவர் எதைக் கொண்டு செல்லவேண்டும்? அவருக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. 'ஏழைகளுக்கு வீடு இல்லை' என்று அவர் தொடங்குவாராயின் குழுவினர் தலையசைப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்ததே. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள தூரத்தை அவர் கொண்டு செல்லவேண்டும் என்போம். அந்தத் தூரத்தின் சரித்திரம் திருவொற்றியூரிலேயே கிடைக்கிறது.

திருவொற்றியூரில் காலாடிப்பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டு நகைப்பவர்கள் அது மருவிய விதத்தை அறியார். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய 'காலட் பேட்டை' அது. ஏற்றுமதிக்குத் துணி வேண்டியிருந்த கம்பெனியார், நெய்கிறவர்களுக்கு வீதி அமைத்தார்கள், கோயிலும் எழுந்தது. 1734இல் மார்ட்டன் பிட் கவர்னராயிருந்தபோது நூற்போர், நெய்வோர், வெளுப்போர் ஆகியோருக்காகவே சிந்தாதிரிப்பேட்டை உண்டாயிற்று. இவை கம்பெனியாரின் தர்ம சிந்தையால் விளைந்தவை அல்ல. இலாபக் கணக்கே காரணம். ஆனால் அக்கணக்கில் ஓர் உண்மை இருந்தது. தறி இருக்குமிடத்தில்தான் நெசவாளனின் வீடு இருக்கமுடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பின்னர் வந்த நகரமைப்பு நூல்காரர்களுள் இதை நன்றாக உணர்ந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ். அப்போது சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபு அவரை அழைத்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் தனியே ஒரு கப்பலில் வந்தன. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு நம் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அதே 'எம்டன்' கப்பல், அடுத்த மாதம் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது. கெடிஸ் தளரவில்லை, வேறு படங்களைத் திரட்டிக்கொண்டு 1915 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்துப் பட்டணங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அவருடைய முறை எளிது. நெருக்கமான தெரு ஒன்றைக் கண்டால் எல்லாவற்றையும் இடித்து நேர்கோட்டில் சாலை போடு என்பது அக்கால இஞ்சினியர்களின் வழக்கம். கெடிஸ் அந்தத் தெருவில் நடந்து, எந்தச் சுவர் விழும் நிலையிலுள்ளது, எந்தக் கிணறு நல்லது, எந்த மரத்தடியில் பெண்கள் கூடுகிறார்கள் என்று பார்த்து, இடிக்கவேண்டிய சிலவற்றை மட்டும் இடித்து மற்றவற்றைக் காக்கச் சொன்னார். செலவும் குறையும், குடிகளும் கலையமாட்டார்கள். நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் லாஞ்செஸ்டர் என்ற கட்டடக்கலை வல்லுநர் சென்னையின் நகரமைப்பைப் பற்றி 1918இல் ஒரு நூல் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. வல்லுநர் கண்ணால் கண்டது சட்டப் புத்தகத்தை எட்ட ஐந்து வருஷம் ஆயிற்று என்று கொள்ளலாம். சட்டத்தில் சாலையும் மனையும் நன்றாகவே இடம் பெற்றன. மரத்தடி இடம் பெறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நடந்தவற்றுள் முக்கியமானது குடிசைப்பகுதிச் சட்டம். 1970இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 1971இல் குடிசைப்பகுதி அபிவிருத்தி மற்றும் அகற்றுதல் சட்டம் நிறைவேறியது. (வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.) இச்சட்டத்தின்படி முதலில் ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என்று அரசாங்கம் அறிவிக்கவேண்டும். அறிவிப்பு வந்தால்தான் அங்குள்ளவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் வசதிகளும் உரிமையாகக் கிடைக்கும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் நெடுங்காலம் புதிதாக எதுவும் அறிவிக்கப்படவில்லை. நகரமோ வளர்ந்துகொண்டே போயிற்று. சட்டசபை நல்ல சட்டத்தை இயற்றிக் கொடுத்தும், பதிவேட்டில் பெயர் ஏறாதவனுக்கு அச்சட்டம் இல்லாதது போலவே ஆகிவிடுகிறது. அங்கத்தினர் பதிவேட்டில் பெயரில்லாதவன் சங்கத்தின் வாசலில் நிற்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

ஆரம்பத்தில் கட்டிய அடுக்கு வீடுகள் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தன. 2000க்குப் பிறகு நிலைமை மாறியது. நகரின் தெற்குக் கோடியில் கண்ணகி நகரில் 15,656 வீடுகளும், செம்மஞ்சேரியில் 6,764 வீடுகளும், அப்பால் பெரும்பாக்கத்தில் இன்னும் பல்லாயிரம் வீடுகளும் கட்டி, ஆற்றோரங்களிலும் கடற்கரையிலும் வாழ்ந்த குடும்பங்களை அங்கே கொண்டு சேர்த்தார்கள். வெள்ளத்தில் மிதந்த குடிசையைவிடச் சிமெண்டுக் கூரை மேலானதே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேலை எங்கே இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இராயபுரத்தில் சரக்கு ஏற்றும் ஒருவருக்குச் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் வீடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். போகவர நாளைக்கு 40 கிலோமீட்டர். நகரப் பேருந்தில் காத்திருப்பதும் சேர்த்து மூன்று மணி நேரம். மாதத்துக்கு 25 நாள் வேலை என்றால் 75 மணி. எட்டு மணி நேர வேலை நாளால் வகுத்தால் ஒன்பது நாளுக்கு மேல் வருகிறது. அதாவது மாதந்தோறும் ஒன்பது நாள் கூலியில்லாமல் பேருந்தில் உழைக்கிறார். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மீன் கூடையோடும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அது பேருதவி. ஆனால் நேரத்துக்குச் சலுகை கொடுக்க எந்தப் பேருந்தாலும் முடியாது. இந்த ஒன்பது நாளை வீட்டின் விலையோடு கூட்டி எழுதிய திட்ட மதிப்பீடு எதையும் நாம் கண்டதில்லை.

நம் நெசவாளருக்கு இதைவிட எளிதாக விளங்கும் உதாரணம் ஒன்று சொல்லலாம். மூன்றாம் மாடியில் குழித்தறிக்குக் குழி வெட்டமுடியுமா? பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில், 2015இல் அது தொடங்கியபோது, வருமானத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி, எல்லையாக வகுக்கப்பட்டது. அதில் சமையலறையும் கழிப்பறையும் போக மிஞ்சுவதில் கட்டிலைப் போடுவதா, தறியைப் போடுவதா என்பதே கேள்வி. 1980களில் மத்திய சர்க்கார் நெசவாளர்களுக்குத் தொழிற்கூடத்துடன் கூடிய வீடு என்று தனித் திட்டம் வகுத்ததற்குக் காரணமே இதுதான். மீனவருக்கும் இரும்புப் பட்டறைத் தொழிலாளிக்கும் அத்தகைய எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

மீனவர் விஷயத்தில் அளவுகோல் வேறுபட்டதை 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கண்டோம். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர், அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் அரசாங்கம் புதிய வீடு கட்டித் தரும். சம்மதியாவிடில் தம் செலவில் வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டு இருக்கலாம், உதவி கிடையாது என்று 2005 மார்ச்சில் உத்தரவாயிற்று. அதிகாரி கடலிலிருந்து வீட்டை அளந்தார். மீனவர் வீட்டிலிருந்து படகை அளந்தார். இரண்டு அளவுக்கும் நியாயம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் தள்ளிப் போகத்தான் வேண்டும். வலையும் இயந்திரமும் எங்கே வைப்பது என்று கேட்டவருக்கு விடை சொல்லுகிற பொறுப்பும் அதே உத்தரவுக்கு உண்டல்லவா?

வேலைக்கு அண்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவும் கூடாது. எண்ணூர் வாசிகளைக் கேட்டால் மறுபுறத்தைச் சொல்லுவார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலைக்கு எவ்வளவு அருகே வீடு இருக்கலாம் என்பது வேறு. எந்த ஆலைக்கு அருகே என்பது வேறு. வல்லுநர் இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால், 'அருகில் வேண்டும்' என்று கேட்டவர்களுக்குப் புகைக்குழாயின் நிழலில் மனை ஒதுக்கிவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் விட அழுத்தமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் இடிந்து தரைமட்டமாயிற்று. விரிசலைக் கண்டவர்கள் எச்சரித்து எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டி முப்பது ஆண்டு நிறையாத கட்டடம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்த விஷயம் சட்டசபையில் எழுந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கூட்டுறவுத் துறையில் வேலை செய்கிற நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் சங்கத்தின் கட்டடத்துக்கும் தறிக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து எழுதுகிறோம். எழுதாவிட்டால் தணிக்கையில் குறை வருகிறது. ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் உறங்கும் கட்டடத்தின் தேய்மானம் எந்தப் புத்தகத்தில், யார் கணக்கில் எழுதப்படுகிறது? குடியிருப்பவர் சொந்தக்காரரா, வாடகைக்காரரா, தவணைக்காரரா என்பது தெளிவாயிருந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. கிரயப் பத்திரம் கைக்கு வராத வீட்டின் தூணில் விரிசல் கண்டால், வாரியம் பார்க்கட்டும் என்று குடியிருப்பவரும், குடியிருப்பவர் பார்க்கட்டும் என்று அதிகாரியும் இருந்துவிடுவது மனித இயல்பு. குடியிருப்போர் சங்கங்களை அமைத்துப் பராமரிப்பில் பங்கு கொள்ளச் செய்ய 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் அண்மையில் வந்தது. நல்லதே. ஆனால் பொறுப்பைக் கொடுப்பவர்கள் நிதியையும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பதைத்தான் குழுவின் முன் நிற்பவர் கேட்கவேண்டும். மத்திய சர்க்கார் ஒரு வீட்டுக்கு ரூ.1.5 லட்சம் தருகிறது என்று திட்ட ஏட்டில் காண்கிறோம், அது கட்டுவதற்கு. முப்பதாம் ஆண்டில் தூணைப் பார்ப்பதற்கு அன்று.

வல்லுநருக்கு இந்த விவரமெல்லாம் எங்கிருந்து கிடைக்கும்? புத்தகத்திலிருந்து சிறிதே கிடைக்கும். மிகுதி அந்தந்தத் தெருவில் இருப்பவர்களிடம் உள்ளது. அவர்கள் வாயால் சொன்னது வழியிலேயே தேய்ந்துவிடும். எழுதி வைத்தது சென்று சேரும். எழுதுவதற்குத் தகுந்த ஸ்தாபனம் சங்கமே. அதற்குப் பதிவேடு உண்டு, நிர்வாகக் குழு உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. எத்தனை குடும்பம், வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், தொழிலிடத்துக்கு எத்தனை மணி நேரம், பட்டா அல்லது ஒதுக்கீட்டுச் சீட்டு யார் பெயரில், எந்தத் தேதியில் எந்தச் சுவரில் விரிசல் கண்டது, அதை யாரிடம் எப்போது எழுதிக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெண்கள் பெயரையும் தொழிலையும் தனியே எழுதவேண்டும். கணவன் தொழிலுக்குள் அவர்களைச் சேர்த்துவிடுவது நம் பதிவேடுகளில் பழைய குறை. தீர்மானத்தின் நகலில் தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, மனுக்கள் குழுவுக்கு ஒன்றும், தொகுதியின் சட்டசபை அங்கத்தினருக்கும் பாராளுமன்ற அங்கத்தினருக்கும் ஒவ்வொன்றும் அனுப்பி, அனுப்பிய ரசீதைக் கோப்பில் வைக்கவேண்டும். மூன்று பக்கத்துக்கு மேல் எழுதவேண்டா. அடைமொழிகளைக் குறைத்து எண்களைக் கூட்டினால் படிப்பார்கள்.

கணக்கெடுக்கப் போகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலைப் பகுதிகளில் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் போகவேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். பகல் ஷிப்டுக்காரர் அப்போது வெளியே இருப்பார். ஒரே பாயில் இருவர் முறைவைத்துப் படுக்கும் வீடுகள் உண்டு. ஒரு முறை மட்டும் போனவர் ஓர் அறைக்கு நால்வர் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார்; இருப்பவர்களோ ஆறு பேர்.